கணக்குத் தாளும் பதிவேடும்

இன்று நம் பங்குகளில் கணினி இல்லாத அலுவலகம் அரிது. பங்கு இல்லத்தின் முன்னறையில், பழைய மர அலமாரிக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் இடையே, அதற்கென ஒரு மேசை அமைந்துவிட்டது. குடும்பப் பட்டியல், மாதச் சந்தா, மறைக்கல்வி மாணவர் வருகை, திருப்பலிக் கருத்துகள், கல்லறைத் தோட்டத்தின் இடக் கணக்கு, திருவிழா நன்கொடை ஆகிய யாவும் அதனுள்ளே குடியேறியுள்ளன. திறந்து பார்ப்போமாயின், இவை பெரும்பாலும் ஒரே உருவில் இருப்பதைக் காண்போம். எக்ஸெல் போன்ற செயலிகள் தரும், கட்டம் கட்டமாகக் கோடிட்ட விரிதாள்தான் அவ்வுரு. பள்ளி அலுவலகத்திலும், கூட்டுறவுச் சங்கத்திலும், கடைத்தெரு மருந்துக்கடையிலும் நிலைமை இதுவே.

விரிதாள் நல்ல ஊழியன். பழகுவது எளிது, சொன்ன வேலையைச் செய்யும், எவர் வீட்டுக் கணினியிலும் திறக்கும். எனினும் எல்லா வேலைக்கும் அவ்வொருவனையே ஏவுதல் முறையாகுமா? கணினித் துறையினர் ‘தரவுத்தளம்’ என்று மற்றொன்றைச் சொல்கின்றனரே, அது யாது? 600 குடும்பங்கள் உள்ள ஒரு பங்குக்கு அது தேவைதானா? இவற்றைச் சற்று நிதானமாக ஆராய்வோம். அலுவலகக் கட்டங்களுள் இருப்பவை மனிதரின் பெயர்கள். ஒரு பெயர் இடம் தவறினால் எங்கோ ஒரு வீட்டில் வருத்தம் நேருகிறது.

இரு வேறு பிறப்புகள்

கணக்கர்கள் ஒரு காலத்தில் ஏட்டின் இரு பக்கங்களையும் அடைக்குமாறு அகன்ற தாளை விரித்து, வரவு செலவைக் கட்டங்களில் எழுதி வந்தனர். நடுவே ஓர் எண் மாறினால், அதைச் சார்ந்த கூட்டுத்தொகைகள் யாவற்றையும் அழித்து எழுத வேண்டும். இத்தொல்லையிலிருந்து விடுதலை தேடியவர் டான் பிரிக்ளின் என்னும் அமெரிக்கர். ஹார்வர்டு வணிகக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த அவர், பாப் பிராங்ஸ்டன் என்னும் நண்பருடன் சேர்ந்து 1979-இல் ‘விசிகால்க்’ என்ற செயலியை ஆப்பிள் கணினிக்கென வெளியிட்டார். ஓர் எண்ணைத் திருத்தினால் ஏனையவை தாமே திருந்தின. 1983-இல் ‘லோட்டஸ் 1-2-3’ வந்தது. 1985-இல் எக்ஸெல் வந்தது. ஆக, விரிதாள் கூட்டவும் கழிக்கவும், ‘இப்படியானால் எப்படி’ என்று கணக்கிட்டுப் பார்க்கவுமே பிறந்தது. பெயர்களைப் பல்லாண்டு காக்கும் பொறுப்பை நாமே பின்னர் அதன் தோளில் ஏற்றினோம்.

தரவுத்தளத்தின் வரலாறு வேறு. ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய, இங்கிலாந்தில் பிறந்த எட்கர் காட் என்னும் கணித அறிஞர், 1970-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெரிய நிறுவனங்களில் தகவல்கள் அந்நாளில் சிக்கலான பாதைகளில் அடுக்கப்பட்டிருந்தன. பாதை அறிந்தவரே தகவலை எடுக்க முடியும். அடுக்கு மாறினால் அவருக்கும் இயலாது. காட் கூறிய வழி எளியது. தகவலைச் சிறு சிறு அட்டவணைகளாகப் பிரித்து வையுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் கொடுங்கள். ஓர் அட்டவணை மற்றொன்றைக் குறிப்பிட வேண்டுமாயின் அவ்வெண்ணால் குறிப்பிடட்டும். வேண்டியது எதுவென்று கேட்பது மனிதர் வேலை, தேடும் வழியைக் காண்பது இயந்திரத்தின் வேலை. இக்கருத்துக்காகவே 1981-இல் கணினியியலின் உயரிய சிறப்பான டூரிங் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. இன்று வங்கியும் இரயில்வே முன்பதிவும் பெருமளவில் இம்முறையைத் தழுவியே நடைபெறுகின்றன.

நாம் அறிந்த பழைய முறை

இது ஏதோ புதுமை என்று நம்மவர் மலைக்க வேண்டியதில்லை. அலமாரியிலுள்ள திருமுழுக்குப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். திருமணங்களைப் பங்குத்தந்தை ஏட்டில் எழுதி வைக்க வேண்டுமெனத் திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் கட்டளையிட்டது. 1907-இல் வெளியான ‘நே தெமெரே’ என்னும் ஆணை மேலும் ஒரு படி சென்றது. திருமணம் நடந்ததைத் திருமணப் பதிவேட்டில் எழுதினால் மட்டும் போதாது. மணமக்களின் திருமுழுக்குப் பதிவிலும் குறிக்க வேண்டும். அவர்கள் வேறு பங்கில் திருமுழுக்குப் பெற்றிருப்பின் அப்பங்குக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று அது விதித்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் 535, 1122 ஆகிய எண்களில் இவ்விதி நிலைத்துள்ளது. உறுதிப்பூசுதல், குருத்துவம், துறவற நித்திய வார்த்தைப்பாடு ஆகியவையும் அவ்விடத்திலேயே குறிக்கப்படுகின்றன.

இதன் நுட்பத்தைக் கவனித்தீர்களா? தூத்துக்குடியில் திருமுழுக்குப் பெற்ற ஒருவர் சென்னையில் மணம் முடித்து, வேலையின் பொருட்டு மும்பையில் வாழலாம். எனினும் ‘இவர் மணமானவரா?’ என்ற கேள்விக்கு விடை தேட வேண்டிய ஏடு ஒன்றே. அது தூத்துக்குடியில் உள்ளது. மற்ற ஏடுகள் அதைச் சுட்டுகின்றன. ஒருவரைப் பற்றிய உண்மை ஓரிடத்தில் நிற்க, ஏனைய இடங்கள் எண்ணாலும் பக்கத்தாலும் அதைச் சுட்டுவதே தரவுத்தளத்தின் உயிர்நாடி. காட் தம் கட்டுரையை எழுதுவதற்கு 63 ஆண்டுகளுக்கு முன்பே நம் பங்குத்தந்தையர் மைக்கூட்டை வைத்துக்கொண்டு இவ்வேலையைச் செய்து வந்தனர்!

ஆனால் அதே பங்கின் கணினியில் நடப்பதென்ன? 600 குடும்பங்களைக் கொண்ட ஒரு பங்கை நினைத்துக்கொள்வோம். குடும்பப் பட்டியல் ஒரு கோப்பில், சந்தா மற்றொன்றில், மறைக்கல்வி மூன்றாவதில், மரியாயின் சேனைக்கு நான்காவது, திருவிழா நன்கொடைக்கு ஆண்டுதோறும் ஒன்று. ஒரே மனிதர் முதற்கோப்பில் அந்தோணிசாமி, இரண்டாவதில் அந்தோனிசாமி, மூன்றாவதில் ‘ஆண்டனி, தபால்காரர்’. நம் மக்களின் பெயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்! ஒரே தெருவில் மூன்று மரியபுஷ்பம் இருப்பர். அவர்களுள் இருவருடைய கணவர் பெயர் சேவியராகவும் இருக்கும். பெயரை மட்டும் நம்பி ஒருவரை இனங்காண இயலாது என்பதைப் பழைய உபதேசியார் எவரும் சொல்வர்.

இந்நிலையில் அந்த அந்தோணிசாமி இறந்துவிடுகிறார் என்று கொள்வோம். அடக்கம் முடிந்த மறுநாள் செயலர் குடும்பப் பட்டியலில் அதைக் குறிக்கிறார். சந்தாக் கோப்பில் குறிக்க எவருக்கும் தோன்றவில்லை. டிசம்பர் மாதத்தில் நிலுவைக் கடிதங்கள் அச்சாகின்றன. ‘அன்புள்ள அந்தோணிசாமி அவர்களுக்கு, எட்டு மாதச் சந்தா பாக்கி உள்ளது’ என்ற கடிதம் அவ்வீட்டு வாசலை அடைகிறது. அதைப் பிரிக்கும் கைம்பெண்ணின் உள்ளம் என்ன பாடுபடும்! செயலரிடம் தீய எண்ணமில்லை, சோம்பலுமில்லை. ஓர் உண்மையை ஐந்து இடங்களில் எழுதி வைத்ததன் விளைவு அது.

தரவுத்தளத்தில் இதே வேலை எவ்வாறு அமையும்? குடும்பங்களுக்கு ஓர் அட்டவணை; ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண். ஆட்களுக்கு மற்றோர் அட்டவணை. ஒவ்வொருவருக்கும் தனி எண், அதனருகே அவர் எந்தக் குடும்ப எண்ணைச் சேர்ந்தவர் என்ற குறிப்பு. சந்தா அட்டவணையில் பெயரே இராது. குடும்ப எண், மாதம், தொகை, ரசீது எண் என்பனவே இருக்கும். மறைக்கல்விக்கும் சேனைக்கும் அப்படியே. இறப்பை ஆட்கள் அட்டவணையில் ஒருமுறை குறித்தால் போதும்; கடிதம் அச்சிடும்போது பெயர் அங்கிருந்தே வருமாதலால், குடும்பத்தின் இப்போதைய தலைவர் பெயரே அதில் நிற்கும். மேலும், முன்கூட்டியே விதிகளை அமைத்துவிட்டால் இயந்திரமே காவல் காக்கும். இல்லாத குடும்ப எண்ணுக்கு ரசீது போட முயன்றால் மறுக்கும். ஒரே எண்ணை இருவருக்குக் கொடுக்க விடாது. தேதிக்குரிய இடத்தில் ‘தை மாதம்’ என்று தட்டினால் ஏற்காது. விரிதாளோ எதையும் எங்கும் எழுத இடங்கொடுக்கும். அதன் இனிமையும் அதுவே, இடரும் அதுவே.

கதவு எண் தேதியான கதை

விரிதாளின் இடர்களுள் சில, அறியாதவரைத் திடுக்கிட வைக்கும். நம் ஊர்களில் கதவு எண்கள் 5/12, 3/4 என்று அமைவது வழக்கம். எக்ஸெலில் 5/12 என்று தட்டிப் பாருங்கள். அது முகவரி என்பது அதற்குத் தெரியாது. கணினியின் அமைப்பைப் பொறுத்து டிசம்பர் 5 என்றோ மே 12 என்றோ தேதியாக்கிவிடும். பின்னர் அக்கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்ற முயன்றால், கதவு எண் திரும்பாது; ஐந்திலக்க எண் ஒன்றுதான் எஞ்சும். வங்கிக் கணக்கு எண்ணில் 15 இலக்கங்களுக்கு மேலிருந்தால், 15-க்குப் பின்னுள்ளவற்றை அது பூச்சியமாக்கிவிடும். தொலைபேசி எண்ணின் முன்னுள்ள பூச்சியத்தையோ விழுங்கிவிடும். இவ்விடங்களை முதலிலேயே எழுத்துக்குரியவை என்று குறித்துவிட்டுத் தட்டினால் இத்தொல்லை இல்லை. ஆனால் எத்தனை பேர் அவ்வாறு செய்கின்றனர்?

இது நம் போன்ற எளியோருக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. மனித மரபணுக்களுள் சிலவற்றுக்கு ‘மார்ச்-1’, ‘செப்ட்-1’ என்றெல்லாம் குறியீடுகள் இருந்தன. விஞ்ஞானிகள் அவற்றை விரிதாளில் தட்டியபோது அவை மார்ச் முதல் நாளாகவும் செப்டம்பர் முதல் நாளாகவும் மாறின. மரபணுப் பட்டியலை எக்ஸெல் வடிவில் இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழைகள் உள்ளன என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. இறுதியில் 2020-இல் மரபணுப் பெயர்க் குழுவினர் அக்குறியீடுகளையே மாற்றிவிட்டனர். செயலியைத் திருத்துவதைவிட மனித மரபணுவின் பெயரைத் திருத்துவது எளிதாயிற்று! தானாக நடக்கும் இம்மாற்றத்தை வேண்டாமென நிறுத்தி வைக்கும் வசதி எக்ஸெலில் வந்தது 2023-இல்தான்.

பங்கு அலுவலகங்களுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. எக்ஸெலின் நாட்காட்டி 1900-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய நாள் எதையும் அது நாளாகவே ஏற்பதில்லை. வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். 1868-இலோ 1893-இலோ எழுதப்பட்ட திருமுழுக்குகளைக் கணினியில் ஏற்ற விரும்பும் பழம் பங்குகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கால வரிசைப்படி அடுக்கச் சொன்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டு தனியே சென்று தாறுமாறாக நிற்கும். (1900-இல் பிப்ரவரி 29 உண்டென்று வேறு அது நம்பிக்கொண்டிருக்கிறது. லோட்டஸ் செயலியிலிருந்த பிழையை, பழைய கோப்புகளுடன் ஒத்துப்போக வேண்டுமென்று அப்படியே தத்தெடுத்துக்கொண்டதாம்!) மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘அக்ஸஸ்’ என்னும் தரவுத்தளமோ கி.பி. 100 முதல் தேதிகளை ஏற்கிறது.

அடுக்குதல் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்து அகர வரிசைப்படுத்தினால், செயலி ஓர் எச்சரிக்கை தரும். அதைப் படியாமல் அழுத்துகிறவருக்குப் பெயர்கள் மட்டும் இடம் மாறும்; தொலைபேசி எண்ணும் சந்தாத் தொகையும் பழைய இடத்திலேயே நிற்கும். சேவியரின் பணம் சூசையின் கணக்கில்! கோப்பைச் சேமித்து மூடிவிட்டால், பழைய நகல் இல்லாதவரை மீட்பதற்கு வழியில்லை. தரவுத்தளத்தில் ஒரு பதிவு சிதறாது. எவ்வாறு அடுக்கினாலும் அதன் உறுப்புகள் யாவும் சேர்ந்தே நகரும்.

நிறைந்த தாள்

இவை சிறு வருத்தங்கள். 2020-இல் இங்கிலாந்தில் நிகழ்ந்தது அவ்வாறன்று. கொரோனாத் தொற்று பரவிய அக்காலத்தில், நோயுற்றோர் விவரங்களை ஆய்வகங்களிலிருந்து திரட்டி அனுப்பும் பணி, அந்நாளில் இயங்கிய ‘பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து’ என்னும் அரசு அமைப்பிடம் இருந்தது. வந்த விவரங்கள் எக்ஸெலின் பழைய கோப்பு வடிவத்துக்குள் தாமாகக் கொட்டப்பட்டன. அவ்வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 கிடைவரிசைகளே உண்டு. (2007-இல் வந்த புதிய வடிவத்தில் 10,48,576 உண்டு.) ஒரு நோயாளிக்குப் பல வரிசைகள் தேவைப்பட்டமையால், ஒரு கோப்பில் ஏறத்தாழ 1,400 பேருக்கே இடமிருந்தது. இடம் நிறைந்தது, மேலும் வந்தவர்கள் விடுபட்டனர். செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இவ்வாறு விடுபட்டோர் 15,841 பேர்.

அவர்களுக்குத் தத்தம் சோதனை முடிவு தெரிந்தேயிருந்தது. ஆனால் அவர்களோடு பழகியோரைத் தேடி, ‘நீங்கள் தனித்திருங்கள்’ என்று எச்சரிக்கும் பணியாளரிடம் அப்பெயர்கள் உரிய காலத்தில் சென்று சேரவில்லை. வயது முதிர்ந்த பெற்றோருடன் ஒரே மேசையில் உணவருந்தியவர் எத்தனை பேரோ! தாள் நிறைந்தபோது எவரும் அதை உணரவில்லை. அன்றாட எண்ணிக்கை வழக்கம்போல் வெளியாகிக்கொண்டிருந்தது. இலட்சக்கணக்கான பதிவுகளை ஏற்பதற்கென்றே அமைந்த தரவுத்தளங்கள் பல்லாண்டுகளாகக் கிடைத்து வந்த ஒரு காலத்தில், செல்வம் மிகுந்த ஒரு நாட்டில் இது நிகழ்ந்தது.

குருவி தலையில் பனங்காய்

இவ்வளவும் படித்தபின், நாளையே எல்லாவற்றையும் தரவுத்தளத்துக்கு மாற்றிவிட வேண்டுமென வாசகர் எவரும் புறப்பட வேண்டாம். திருவிழா வரவு செலவு, ஆண்டு மதிப்பீடு, வேளாங்கண்ணி யாத்திரைப் பேருந்துக்குப் பணம் கொடுத்தோர் பட்டியல் போன்றவற்றுக்கு விரிதாளே ஏற்றது. ஒரு மாதத்தில் பிறந்து மறு மாதத்தில் முடியும் வேலைக்குத் தரவுத்தளம் அமைப்பது குருவி தலையில் பனங்காயை வைப்பதாகும். எண்களோடு விளையாடிப் பார்க்க வேண்டிய இடத்தில் அது விரிதாளுக்கு ஈடாகாது.

தரவுத்தளத்துக்கும் ஒரு நோய் உண்டு. பங்கிலுள்ள கெட்டிக்கார இளைஞர் ஒருவர் ஆர்வத்தோடு அதை அமைத்துக் கொடுப்பார், எல்லோரும் பாராட்டுவர், ஈராண்டில் அவர் பெங்களூருக்கோ துபாய்க்கோ வேலைக்குச் சென்றுவிடுவார். பின்னர் ஒரு புதிய இடம் சேர்க்க வேண்டுமென்றாலும் கைவைக்க எவருக்கும் துணிவிராது. கடவுச்சொல்லும் அவரோடே போயிருக்கும்! ஆகவே, அமைக்கும்போதே எந்த அட்டவணையில் என்ன உள்ளது என்பதை இரண்டு தாளில் தமிழில் எழுதி வாங்கிக்கொள்வதும், குறைந்தது இருவருக்கேனும் பயிற்சி அளிப்பதும், மாதம் ஒருமுறை முழுப் பட்டியலையும் சாதாரணக் கோப்பாக வெளியே எடுத்து வேறிடத்தில் வைப்பதும் இன்றியமையாதவை. பெருஞ்செலவு தேவையில்லை. அக்ஸஸ் விண்டோஸ் கணினிகளுக்குரியது. விலை கொடுக்க இயலாதோர்க்கு ‘லிப்ரே ஆபிஸ்’ தொகுப்பிலுள்ள ‘பேஸ்’ இலவசமாகவே கிடைக்கிறது.

எப்போது மாறுவது என்று கேட்பீர்கள். ஒரே பெயரை இரண்டு கோப்புகளில் திருத்த வேண்டிய நிலை அடிக்கடி வருகிறதா? கோப்பின் பெயர்கள் ‘புதியது’, ‘இறுதி’, ‘இறுதி-2’, ‘ஃபாதருக்கு அனுப்பியது’ என்று பெருகி, எது மெய்யென்று கேட்க வேண்டியுள்ளதா? இணையத்தில் பகிரும் விரிதாள் இப்பெருக்கத்தைத் தடுக்கும், உண்மைதான். ஆயினும் ஒரே பெயரை ஐந்து தாள்களில் எழுதும் நோயை அது தீர்ப்பதில்லை. மேலும் அதன் இணைப்பு யாரிடமெல்லாம் சென்றுள்ளது என்பதும் ஒரு கவலை. பெண் பிள்ளைகளின் பிறந்த நாளும் கைபேசி எண்ணும் அதில் உண்டு அன்றோ!

இப்போதைக்கு விரிதாளே போதுமென்று முடிவு செய்வோரும் இன்றே செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண் கொடுத்துவிடுங்கள். எல்லாக் கோப்புகளிலும் அவ்வெண்ணையே முதலிடத்தில் எழுதுங்கள். பங்கை விட்டுச் சென்ற குடும்பத்தின் எண்ணை வேறு எவருக்கும் கொடாதீர்கள். நிறங்களை நம்பாதீர்கள், மஞ்சள் பூசினால் பாக்கி, பச்சை பூசினால் வெளியூர் என்பது பூசியவருக்கு மட்டுமே தெரியும். ‘பாக்கி’ என்று ஒரு கட்டத்தில் எழுதுவதே நன்று. இவ்வளவு செய்திருந்தால், பின்னொரு நாள் தரவுத்தளத்துக்கு மாறுவது ஒரு வாரத்து வேலை. இல்லையேல், வீடு வீடாகச் சென்று மரியபுஷ்பங்களைப் பிரித்தறியும் ஆறு மாதத்து வேலை.

பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பங்குகளுக்கு ஒரு சொல். பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், நாள் ஆகியவற்றுடன் ஏட்டின் தொகுதி எண், பக்கம், பதிவு எண் ஆகியவற்றையும் தவறாது ஏற்றுங்கள். அப்போது 40 ஆண்டுகளுக்கு முந்தைய பதிவையும் அரை நிமிடத்தில் தேடிவிடலாம். ஆனால் சான்றிதழைக் கணினியிலிருந்து எழுதிக் கொடாதீர்கள். தட்டச்சு செய்த நாளுக்குப் பின் வேறொரு பங்கிலிருந்து திருமண அறிவிப்பு வந்திருக்கலாம். பங்குத்தந்தை அதை ஏட்டின் ஓரத்தில் மையால் குறித்திருப்பார். சான்றிதழில் அக்குறிப்பும் இடம்பெற வேண்டும் என்பது சட்டம். ஆகவே பக்க எண்ணைக் கணினியில் பார்த்துக்கொண்டு, அலமாரியைத் திறந்து, அவ்வேட்டை மேசைமேல் விரித்து வைத்தே சான்றிதழை எழுத வேண்டும்.